மாரிக்கு நாலு பேர்

தேநீர்க் கடையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டேதான் குடிப்பார், அதுவும் தேநீர் ஊற்றுகிற மேசைக்குப் பக்கத்தில். கோப்பை கழுவுவது, சாயம் விடுவது, சீனி போடுவது எல்லாம் அவர் கண்முன்னால் நடக்க வேண்டும். உள்ளே ஊற்றிக்கொண்டு வந்து நீட்டினால் தொடமாட்டார். கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “அண்ணை, இப்ப விக்கிற விலைக்குச் சீனி போடவே கட்டுப்படியாகேல்லை. இதுக்குள்ள நஞ்சு வேற வாங்கிப் போடுவனே?” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

“நஞ்செண்டு நான் சொன்னனானோ? அந்தக் கதையை நீயா ஏன் எடுக்கிறாய்?” என்று கேட்டார்.

திருகோணமலையில் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஓர் ஐஸ் தொழிற்சாலையில் அவர் எங்களுக்கு மேற்பார்வையாளர். நான் அங்கே ஐஸ் கட்டி இழுக்கிற வேலை செய்தேன். அதற்கு முன் புல்மோட்டையில் மணல் அள்ளினேன், சீனன்குடாவில் புல் வெட்டினேன், இடையில் ஒரு மாரி முழுக்க வேலையில்லாமல் பேருந்து நிலையத்தில் படுத்தேன். ஏழாம் வகுப்புக்கு மேல் நான் போகவில்லை. ஓரிடத்தில் தங்கிப் பழக்கமும் இல்லை. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் மெசின் அறைக்கு மேலே பலகை அடித்த ஒரு தட்டு இருந்தது. அங்கே பாய் விரித்துப் படுக்கலாம். மழை ஒழுகாது. மெசின் சூட்டில் ஈரத் துணி விடியுமுன் காய்ந்துவிடும். என்னைப் போன்றவனுக்கு அதைவிட்டுப் போக மனம் வராது.

அவர் கனடாவில் இருந்தவர் என்பது மட்டும் நிச்சயம். திருப்பி அனுப்பினார்களா, தானாக வந்தாரா என்பதை மூன்று பேருக்கு மூன்று விதமாகச் சொல்லியிருந்தார். அதனால் ஊரில் அவரைப் பற்றி நாலாவது ஒரு கதையும் இருந்தது. அவர் யாருக்கோ தகவல் கொடுக்கிறவர், அதற்காகத்தான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேலை எடுத்திருக்கிறார் என்று. நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன். ஒரு மனிதன் எல்லோரையும் அப்படி உற்றுப் பார்த்தால் வேறு என்ன நினைப்பது?

அவர் பார்க்கிற விதம் தனி. முகத்தைப் பார்க்கமாட்டார். காலையில் நாங்கள் தட்டிலிருந்து ஏணியால் இறங்கும்போது கீழே நின்று பாதங்களைப் பார்ப்பார். எந்தக் காலை முதலில் வைக்கிறான், எந்தக் கையால் பிடிக்கிறான் என்று. படகுக்காரர்களையும் அப்படித்தான். ஐஸ் தட்டுப்பாடான ஒரு நாளில் ஒரு படகுக்காரர் ஓடிவந்து, “அண்ணை, இஞ்சினைச் சூடாக்கி வைச்சிட்டு வந்தனான், ஆக்கள் ஏறி நிக்கினம், எனக்கு முதல் போடுங்கோ” என்றார். இவர் கரைக்கு நடந்து, படகில் ஏறி, இஞ்சின் மேல் புறங்கையை வைத்தார். இறங்கி வந்து, “கடைசியாப் போடு” என்று என்னிடம் சொன்னார். படகுக்காரர் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

சந்தியில் நின்ற கடற்படைச் சிப்பாய் ஒருவன் தினமும் அவரை மறித்து அடையாள அட்டை கேட்பான். வேறு ஆட்கள் அதற்குக் கோபப்படுவார்கள். இவருக்கு அவனைப் பிடித்திருந்தது. “தெரிஞ்ச முகமெண்டு விடுறவன் ஒருநாளைக்குத் தெரியாத முகத்தையும் விடுவான். அவன் ஒருத்தன்தான் இந்த ஊரில ஒழுங்கா வேலை செய்யிறான்” என்பார்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தது. எழும்ப ஏலாது என்று சொல்லி அனுப்பினேன். ஏணியேறி மேலே வந்தார். முதலில் என் நெற்றியைத் தொட்டார், பிறகு என் பாயைத் தொட்டார், பிறகு மெசின் சூடு அங்கே எவ்வளவு ஏறுகிறது என்று பலகையையும் தொட்டுப் பார்த்தார். அதன் பிறகுதான் நம்பினார். அன்று மத்தியானம் கடையிலிருந்து கஞ்சி வாங்கிக்கொண்டு அவரே வந்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. நான் கடைசி மிடறு விழுங்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார். அது அன்பா, நான் கஞ்சியைக் கொட்டிவிட்டு நடிக்கிறேனா என்ற சோதனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கனடாவில் அவர் செய்த வேலையும் ஐஸ்தான். அங்கே ஐஸ் போட்ட மைதானத்தில் ஹொக்கி விளையாடுவார்களாம். சப்பாத்துக்கு அடியில் கத்தி போன்ற தகட்டைக் கட்டிக்கொண்டு வழுக்கி வழுக்கி ஓடுவார்களாம். ஆட்டம் நிற்கும்போது ஒரு வண்டியை ஓட்டிப் போய் கீறல் விழுந்த ஐஸை மினுக்கிவிடுவது இவருடைய வேலை. இதைக் கேட்டதும் எங்களோடு வேலை செய்த சாம்பல்தீவு யோகன், “எங்கட ஐஸில செத்த மீன்தான் அண்ணை விளையாடும்” என்றான்.

அந்த மைதானத்தில் வேலை செய்தவர்களுக்குள் ஒரு போட்டி இருந்தது. ஒவ்வொருவரும் நிஜமான விளையாட்டுக்காரர்களிலிருந்து ஆட்களைத் தெரிந்தெடுத்துத் தனக்கென்று ஒரு கற்பனை அணி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆள் நிஜ ஆட்டத்தில் கோல் போட்டால் புள்ளி உங்களுக்கு. அவன் காயப்பட்டுப் படுத்தால் நட்டமும் உங்களுக்கு. இவர் ஊருக்கு வந்த பிறகும் அவர்கள் இவரை விடவில்லை, போனிலேயே அணி நடத்தினார். ஆட்டப் பருவம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தன் அணியை மற்றவர்களுக்கு முன் பேசி அறிமுகம் செய்ய வேண்டும் என்பது அவர்களுடைய வழக்கம். யாரை எடுத்தேன், ஏன் எடுத்தேன், யாரை விட்டேன் என்று. இவர் அதை ஆங்கிலத்தில் சொல்லுமுன் எங்களை உட்கார வைத்துத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார்.

“எங்களுக்கு என்னத்துக்கு அண்ணை இது?” என்று முதல் வருடம் நான் கேட்டேன்.

“இங்கிலீசில சொன்னா எனக்கே நல்லாயிருக்கும். தமிழில சொன்னாத்தான் எங்க பொய் கிடக்கெண்டு பிடிபடும்.”

அப்படித்தான் நாங்கள், ஐஸ் உறைய வைக்கிற தகரப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பார்த்தே இராத ஒரு விளையாட்டின் ஆட்களைப் பற்றிக் கேட்டோம். பெயர் சொல்லமாட்டார். எங்கள் வாயில் நுழையாது என்பார். சுவீடன்காரன், பின்லாந்துப் பெடியன், பல்லில்லாத கிழவன், வாசல்காரன் என்றுதான் சொல்வார். வாசல்காரன் என்றால் கோல் காக்கிறவன். அங்கே ஒருவன் காயப்பட்டால் கழகங்கள் எந்த இடம் என்று சொல்லாதாம். எதிராளி அந்த இடத்திலேயே பார்த்து அடிப்பான் என்று பயம். மேலுடம்பில் காயம், கீழுடம்பில் காயம் என்று மட்டும் அறிவிப்பார்களாம். அதற்கு மேல் ஊகித்துக்கொள்ள வேண்டியது. அவர் ஆட்களை எடைபோட்டது முழுக்க இந்த ஊகத்தால்தான்.

“கழகம் சொல்லுது ஆள் சுகமாம். அப்ப ஏன் கடைசி ஆட்டத்தில இவன் குந்தியிருந்த வாங்கில இருந்து எழும்பேக்கை ரெண்டு கையையும் ஊண்டினவன்? இடுப்பு. நான் எடுக்கேல்லை.”

எங்களுக்கு இந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. யோகனின் மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன கிழமை, “யோகனுக்கு மேலுடம்பில காயம்” என்று கிண்ணியா நசீர் படகுக்காரர்களுக்கெல்லாம் அறிவித்தான்.

ஆனால் அவர் தன் அணியைச் சொல்கிற காலமும், நாங்கள் பயந்துகொண்டிருக்கிற காலமும் ஒன்றாக வந்தன. அவர்களுக்குப் பருவம் தொடங்குகிற நேரம் எங்களுக்கு முடிகிற நேரம். மாரி பிடித்தால் கடல் கொந்தளிக்கும், படகுகள் குறையும், ஐஸ் வாங்க ஆளிருக்காது. முதலாளி நாலு பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடச் சொல்வார். யார் அந்த நாலு பேர் என்று தீர்மானிப்பவர் அவர்தான். அந்த நாலு பேருக்கும் சம்பளமும் மேலே படுக்கையும் மாரி முடியும்வரை உண்டு. மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம், வீடிருந்தால்.

அந்த நாலு பேரை அவர் ஒருநாளும் அறிவித்ததில்லை. வேண்டாதவனை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, “மாரிக்கு நீ வேண்டாம்” என்பார். கூப்பிடாதவன் இருக்கிறான் என்று அர்த்தம். ஆனால் கடைசி நாள்வரை யாரையும் கூப்பிடலாம்.

யோகன் இதிலே ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தான். “அண்ணை சொல்லுறது அந்த நாட்டு ஆக்களையில்லையடா. எங்களைத்தான். போன வருசம் ஒரு ரஷ்யாக்காரனைச் சொன்னவர், ஞாபகமிருக்கோ? குடிச்சு வெறியில வாறவன், நம்பி எடுக்கேலாதெண்டு. அடுத்த கிழமை எங்கட மூர்த்தியை நிப்பாட்டினவர். மூர்த்தி வெறியில வாறவன்தானே?”

“மூர்த்தி வெறியில வாறது கோணேசர் கோயில் வரைக்கும் தெரியும். அதுக்கு ரஷ்யாக்காரன் தேவையோ?” என்றான் நசீர். சிரித்தான், ஆனால் அன்றிலிருந்து அவனும் கூர்ந்து கேட்டான். நாங்கள் எல்லோரும் கேட்டோம். வாசல்காரன் யோகன், ஏனென்றால் அவன்தான் கதவடியில் நின்று கட்டிகளை வாங்குகிறவன். பல்லில்லாத கிழவன் யார் என்று ஒரு சண்டையே வந்தது.

நான் சொல்லப்போகிற வருடத்தில், எங்கள் பருவம் முடியப் போகிற நேரம், சறுக்குப் பலகையில் வந்த ஒரு கட்டி விலகி என் இடது தோளில் இடித்தது. நசீர் மட்டும் பார்த்தான். “மச்சான், பாரமா பட்டிச்சா?” என்றான். இல்லை என்றேன். அவன் மேற்கொண்டு கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. தோளில் நிறம் மாறவில்லை, வீங்கவுமில்லை. கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தினால் மட்டும் உள்ளே ஏதோ கழன்று விழுவது போலிருக்கும். நான் கட்டி தூக்குகிற பக்கத்தை விட்டு, நொறுக்குகிற மெசின் பக்கம் மாறிக்கொண்டேன். ஏணி இறங்கும்போது அவர் வருமுன் இறங்கினேன்.

அந்த வருடம் நசீரைத்தான் முதலில் கூப்பிட்டார். “மாரிக்கு நீ வேண்டாம்.” ஏன் என்று அவன் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லமாட்டார். பையைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே கிண்ணியாவுக்குப் போனான். இன்னும் ஒருவரை நிறுத்தினால் நாலு பேர் என்ற கணக்கு வந்துவிடும். மிஞ்சியிருந்த ஐந்து பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வேலை செய்தோம்.

அப்போதுதான் அணியைச் சொல்ல எங்களை உட்கார வைத்தார். சுவீடன்காரனை எடுத்துவிட்டார். கிழவனை இன்னொரு வருடம் நம்பிப் பார்ப்பதாகச் சொன்னார். பிறகு பின்லாந்துப் பெடியனுக்கு வந்தார்.

“இவன்ர கழகம் சொல்லுது ஒண்டுமில்லையாம், புது ஆள் மாதிரி இருக்கிறானாம். பயிற்சிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன். தண்ணிப் போத்தலை எப்பவும் இடது கையால எடுக்கிறவன். இப்ப வலது கையால எடுக்கிறான். தோள். இவன் மறைக்கிறான்.”

என் முதுகு குளிர்ந்தது. ஐஸ் தொழிற்சாலையில் இருந்ததால் அல்ல.

யோகன் கேட்டான்: “அப்ப விட்டிட்டியளோ அண்ணை?”

“அதைத்தான் யோசிக்கிறன். ஆள் கெட்டிக்காரன். இவனை விடவும் மனமில்லை.” அதற்குள் மெசின் சத்தம் மாறியது. எழும்பிப் போய்விட்டார்.

யோகன் என் காதருகே வந்தான். “உன்னைத்தானடா சொன்னவர்.”

“எனக்கொண்டுமில்லை.”

“எனக்குப் பொய் சொல்லு, பரவாயில்லை. அவர் பிடிச்சிட்டார். இனி அவராக் கூப்பிடுறதுக்கு முதல் நீயாப் போய்ச் சொல்லிப்போடு. மறைக்கிறவனைத்தான் அவருக்குப் பிடிக்காது. தானா வந்து சொல்லுறவனை விடமாட்டார்.”

யோகன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னானா, ஐந்து நாலாவதற்கு ஒரு சுலபமான வழியைப் பார்த்தானா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகு நிறைய யோசித்தேன். விடை வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் அவர் ஐஸ் பெட்டிகள் அமிழ்ந்திருக்கும் உப்புத்தண்ணித் தொட்டியடியில் தனியாக நின்றபோது போனேன்.

“அண்ணை, நீங்கள் சொன்னது சரிதான். தோள்தான். கட்டி இடிச்சது. இடது பக்கம்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தை. அதுவரை அவர் என் முகத்தை அப்படிப் பார்த்ததில்லை.

“நான் எப்ப சொன்னனான்?”

“பின்லாந்துப் பெடியன்.”

கொஞ்ச நேரம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். “அவன் எங்க, நீ எங்க! நான் அவனைத்தானடா சொன்னனான். அவன்ர தோளால எனக்கு நித்திரையில்லை.” பிறகு சிரிப்பு நின்றது. “உன்ர தோள் எனக்கு அது நடந்த கிழமையே தெரியும். போட்டிருந்த சேட்டைக் கழட்டேக்கை ஒரு கையை முதல் வெளிய எடுத்துப்போட்டு மற்றதைக் குனிஞ்சு கழட்டினனீ.”

“தெரிஞ்சும் ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

“கேட்டா நீ சொல்லிப்போடுவாய்.”

எனக்கு விளங்கவில்லை. அவர் தொட்டியின் மூடிப் பலகையைக் காலால் சரிசெய்துவிட்டு, மெதுவாகப் பேசினார்.

“இங்க பார் தம்பி. நீ சொல்லாதவரைக்கும் அது என்ர சந்தேகம். சந்தேகத்தோட எத்தினை பேரையும் நான் வைச்சிருக்கலாம். ஆரும் என்னைக் கேக்கேலாது. மெசின் பக்கம் விட்டா மாரியில பெரிய பாரமில்லை, சமாளிப்பாய் எண்டு பார்த்தனான். இப்ப நீ வாயால சொல்லிப்போட்டாய். நாளைக்கு உன்ர மேல இன்னொரு கட்டி விழுந்து கை போனா, தெரிஞ்சுகொண்டுதானே வைச்சிருந்தனீ எண்டு முதலாளி கேப்பார். உன்ர ஆக்களும் கேப்பினம்.”

“எனக்கு ஆக்களில்லை அண்ணை.”

“அப்ப நான்தான் என்னைக் கேக்க வேணும்.”

“நான் சொல்லேல்லையெண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்.”

“ஏலாது.”

“ஆருக்குத் தெரியும்? நீங்களும் நானும்தானே நிக்கிறம்.”

“ஏலாதெண்டுறன். கேட்டதைக் கேக்கேல்லை எண்டு சொல்ல எனக்குத் தெரியாது. மாரிக்கு நீ வேண்டாம்.”

எல்லோரையும் பொய்யன் என்று நினைத்து வாழ்ந்த மனிதருக்கு, ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “அப்ப அந்த நாலு பேரில நான் இருந்தனானோ?” என்று கேட்டேன்.

“ஓம்.”

நான் நம்பவில்லை. அவரிடம் வேலை பழகியவன் அவரை எப்படி நம்புவான்? போகிறவனுக்கு ஆறுதலாக யாரும் அப்படித்தான் சொல்வார்கள். முதலிலேயே என்னை நிறுத்த நினைத்துவிட்டு, நானாகப் போய் வாயைக் கொடுத்ததும் பழியை என் மேலேயே போட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

நான் திரும்பி நடக்கையில் பின்னால் கூப்பிட்டார். “பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் படமெடு. எலும்பை ஒழுங்காப் பார்க்கச் சொல்லு.” பிறகு, “அவங்கள் ஒண்டுமில்லையெண்டு சொன்னா உடன நம்பிப்போடாதை” என்றார்.

அன்றிரவு தட்டில் படுக்க விட்டார். காலையில் பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனேன். தூறல் தொடங்கியிருந்தது. புல்மோட்டைப் பேருந்துக்கு நிற்கையில் கிண்ணியாப் பேருந்து வந்து நின்றது. அதிலிருந்து நசீர் இறங்கினான், அதே பையோடு. என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“மச்சான்! நேத்துப் பின்னேரம் அண்ணை போன் எடுத்தாரு. ரெண்டு பேரை நிப்பாட்டிட்டாராம், ஒரு இடம் விழுந்திட்டாம், விடிய வாவெண்டாரு. உம்மா நம்பவே இல்ல.” அப்போதுதான் என் பையைப் பார்த்தான். “நீ எங்க போறாய்?”

“புல்மோட்டைக்கு.”

அவன் கண் என் இடது தோளுக்குப் போய்த் திரும்பியது. சிரிப்பு இறங்கிவிட்டது.

“சொல்லிட்டியா?”

“ஓம்.”

“அவர் கேட்டாரா?”

“இல்லை.”

நசீர் பையைத் தோள் மாற்றிப் போட்டான். அவனுக்கு நேரமாகிவிட்டது, எனக்கும் பேருந்து வந்துவிட்டது. “இது உன்ட இடமெண்டு எனக்குத் தெரியா மச்சான், அல்லாஹ் அறிய” என்றான். அது எனக்குத் தெரியும் என்றேன். என் வலது கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுத் துறைமுகப் பக்கம் நடந்தான்.

நான் பேருந்துப் படியில் நின்றபடி அவன் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தை அல்ல, பாதங்களை. ஈரத் தெருவில் இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிறான் போலிருந்தது. பையின் பாரமாகவும் இருக்கலாம்.